கேபினெட் இல்லாத பட்டியல்

அந்தப் பட்டியலைப் பார்த்து அன்று காலை குவாங்ஹுவா கம்ப்யூட்டர் சந்தையில் மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். நான்காவதாகச் சிரித்தவர் கடைக்காரர் ஹூ.

"இதை எழுதின ஆளு கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாத்தான் பார்த்திருப்பான்," என்றார் ஹூ, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. "இந்த மெமரி அந்த போர்டுல ஏறாது. இந்த எஸ்.எம்.பி.எஸ்ஸை மாட்ட அதுல இடமே கிடையாது. இத்தனையும் வாங்கி ஒண்ணா வச்சா மின்சாரம்கூட வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிடும்."

லியாவ் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நாளாயிற்று. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் எரிந்த வீடு, முங்கிய வீடு, சரிந்த வீடு என்று பார்த்துப் பார்த்து, அழுகிறவர்களுக்கு எதிரே முகத்தை அசையாமல் வைத்திருக்கப் பழகியவர். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் அந்த முகம் அவரோடு கூடவே வந்துவிட்டது. முகத்துக்குப் பின்னாலும் அதே கதைதான். நல்லது, கெட்டது எதுவும் உறைப்பதில்லை. நூடுல்ஸில் மூன்று கரண்டி மிளகாய் எண்ணெய் ஊற்றினாலும் உறைப்பதில்லை. அதை ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் ஊற்றியே சோதித்துப் பார்த்தவள் ஆ-சுய்.

ஆ-சுய் அவருடைய உதவியாளர். வயது நாற்பத்து நான்கு. இதே சந்தையில் ஹூவின் கடைக்கு இரண்டு கடை தள்ளிப் பன்னிரண்டு வருடம் மெமரி விற்றவள். பிறகு கடையை மூடினாளே தவிர வாயை மூடவில்லை.

"ஹூ, நீ சிரிச்சு முடிச்சியா?" என்றாள். "அந்த ஆளு வீட்டுல ஆறு வருஷமா ஒரு சர்வர் ஓடிச்சு. நாலு டிஸ்க். ஒரு நாள்கூடப் படுக்கல. உன் கடை பில்லு மெஷின் வாரத்துக்கு ரெண்டு தடவை படுக்குது."

ஹூவின் சிரிப்பு பாதியில் நின்றது. லியாவ் பட்டியலைத் திருப்பி வாங்கிக்கொண்டார். சாப்பாட்டுக் கடையில் பெட்டிச் சாப்பாடு ஆர்டர் செய்யக் கொடுக்கும் சீட்டு அது. பின்பக்கம் பென்சிலால் ஏழு வரி. எழுதியவர் பெயர் காவ். கட்டடப் பொறியாளர். இறந்து ஆறு வாரம் ஆகிறது.

காவின் கதை சுருக்கமானது, நல்லதாகவும் இல்லை. போன இலையுதிர் காலத்து நிலநடுக்கத்தில் ஒரு பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் இன்றுவரை வீடு திரும்பவில்லை. பில்லர்களில் ரிங் கம்பி போதவில்லை என்று கண்டுபிடித்தார்கள். "பொறியாளர் காவ்தான் குறைக்கச் சொன்னார், கையெழுத்தும் போட்டார், எங்களுக்கு ஒன்றும் தெரியாது," என்று கட்டியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அதற்குள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். இறுதிச் சடங்கு நடந்த நேரத்தில் யாரோ வீட்டுப் பூட்டை உடைத்து, செருப்பு அலமாரிக்குள் ஓடிக்கொண்டிருந்த சர்வரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் விசாரணை. இன்றைக்குப் புதன்.

அவருடைய மனைவி பெய்-ஜுன் பான்ச்சியாவில் ஒரு காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். வீட்டுக் கதவில் தினம் யாராவது கெட்ட வார்த்தை எழுதிய காகிதத்தை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். தினம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். முதல் நாள் லியாவிடம் அவள் கேட்டது பணமோ நியாயமோ இல்லை. "அவர் தெரிஞ்சு போட்டாரா, தெரியாம போட்டாரான்னு மட்டும் சொல்லுங்க," என்றாள். "நான் இன்னும் அழல. எந்த மனுஷனுக்காக அழணும்னு தெரியல." கரண்டு பில் கட்டுகிற குரலில் அதைச் சொன்னாள். லியாவுக்கு அந்தக் குரல் பழக்கமானது. தன்னுடைய குரலே எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது.

காவின் படத்தையும் பணப்பையையும் தவிர அவள் கொடுத்தது இரண்டே பொருள். காவின் மழைக்கோட்டுப் பையில் இருந்த இந்தப் பட்டியல். செருப்பு அலமாரியில் திருடன் விட்டுப் போன ஒரு காலிப் பச்சைப் பொட்டலம்.

பொட்டலத்தைப் பார்த்தபோதுதான் ஆ-சுய்க்கு முதன்முதலில் கோபம் வந்தது. தேங்காய்ச் சுவை போட்ட சோளப்பொரி. எல்லாக் கடையிலும் தொங்கும். சமத்தாக இரு என்பதுதான் அதற்குப் பெயரே. மெஷினுக்கு மேல் ஒன்று வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்று ஊர் முழுக்க ஒரு நம்பிக்கை. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், தேதி முடியும் முன் மாற்ற வேண்டும், மெஷினுக்கு வைத்ததை யாரும் தின்னக் கூடாது. ஆஸ்பத்திரி முதல் ரயில் நிலையம் வரை இதற்கு அடங்காத இன்ஜினியர் கிடையாது.

"தின்னுட்டான் அண்ணே," என்று அன்றைக்கு அவள் பொட்டலத்தை உதறிக் காட்டினாள். "மெஷினுக்கு வச்சதை நின்னு நிதானமாத் தின்னுட்டுப் போயிருக்கான். இவன் நம்ம தொழில் ஆளே இல்ல. கூலிக்கு வந்தவன். தூக்கினது என்னன்னுகூட அவனுக்குத் தெரியாது."

அந்த ஒரு விஷயத்தில் லியாவ் அவளோடு ஒத்துப் போனார்.

இப்போது ஹூவின் கண்ணாடி மேசைமேல் பட்டியலை விரித்து, பென்சிலை ஆ-சுய் கையில் கொடுத்தார். எது எதோடு சேரும் என்று மட்டும் கோடு போடு, சேராததை விட்டுவிடு என்றார்.

ஆ-சுய் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். சர்வரில் போடும் நீள மெமரி இரண்டு, சுழலும் பெரிய டிஸ்க் இரண்டு, மின்சாரம் கொடுக்கும், விசிறி வைத்த எஸ்.எம்.பி.எஸ் ஒன்று. இவை மூன்றும் ஒன்றோடொன்று சேரும். லேப்டாப்பில் போடும் குட்டை மெமரி இரண்டு, சுழலாத எஸ்.எஸ்.டி இரண்டு, லேப்டாப் அடாப்டர் ஒன்று, உள்ளங்கை அகலத்தில் விசிறியே இல்லாத ஒரு மதர்போர்டு. இவை நான்கும் சேரும். முதல் மூன்றுக்கும் பின் நான்குக்கும் நடுவே ஒரு கோடுகூட விழவில்லை.

"அடச்சே," என்றாள் ஆ-சுய். "ரெண்டு குடும்பம்."

முதல் மூன்றும் வீட்டில் இருந்த பழைய பெட்டிக்குப் போட்ட மாற்றுச் சாமான். மற்ற நான்கும் ஒரு புதுப் பெட்டி. யாரும் பார்க்காத இரண்டாவது பெட்டி. பட்டியலின் அடியில் மளிகைச் சாமான்போல் ஒரு கிறுக்கல்: பச்சைப் பொட்டலம் இரண்டு. போலீஸ் அதை வீட்டுத் தீனி என்று நினைத்து விட்டுவிட்டது. ஒரு மெஷினுக்கு ஒரு பொட்டலம் என்று அந்த போலீஸ்காரரின் சொந்த ஸ்டேஷனில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

லியாவ் இன்னொரு தடவை பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். இரண்டாவது பெட்டிக்குக் கேபினெட், அந்த வெளிக்கூடு, எங்கே என்று கேட்டார்.

"இல்லியே." ஆ-சுய் நிமிர்ந்தாள். "உடுப்பு வாங்காம ஆளை மட்டும் வாங்கியிருக்கான்."

அப்படியானால் உடுப்பு போகும் இடத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. லியாவ் காவின் படத்தை ஹூவிடம் நீட்டினார். ஒல்லியான முகம், ஒரு காதில் பென்சில். ஹூ பார்த்த உடனே மேசையைத் தட்டினார்.

"இந்த ஆளா! இவனை மறக்க முடியுமா? ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். இதோ அந்த நாலு சாமானையும் இங்கதான் வாங்கினான். அடாப்டரை மட்டும் மூணு தடவை மாத்தினான்."

நடந்ததை ஹூ கை காலை ஆட்டிச் சொன்னார். காவ் ஒவ்வொரு அடாப்டரையும் மாட்டி, ஓடவிட்டு, அதைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டாராம். சந்தை இரைச்சலில் கேட்கவில்லை என்று வயரோடு கழிவறைக்குத் தூக்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாராம். வெளியே இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். சில அடாப்டர்களில் ஊசி மாதிரி மெல்லிய விசில் சத்தம் ஒன்று வரும். சின்னப் பிள்ளைகளுக்குக் கேட்கும், ஐம்பதைத் தொட்டவர்களுக்குக் கேட்காது. மூன்றாவதைக் கொடுக்கும்போது, உனக்குத்தான் கேட்கவில்லையே, எதை வாங்கினால் என்ன என்று ஹூ சத்தம் போட்டிருக்கிறார்.

"அதுக்கு அவன் சொன்னான்: எனக்குக் கேக்காது, ஆனா கேக்குற ஆளு ஒண்ணு இருக்கு. அந்த ஆளுக்குக் கேட்டுட்டா நான் தொலைஞ்சேன்."

"ஆணா, பொண்ணா?" என்றாள் ஆ-சுய்.

"அடாப்டர் விக்கிறவன் அதையெல்லாம் கேப்பானா?"

படியிறங்கும்போது ஆ-சுய், அந்தக் கேட்கிற ஆள் ஒரு நாயாக இருக்கலாம் என்று ஒரு மாடி முழுக்க வாதாடினாள். வெளியே மழை. ஸ்கூட்டரில் அவள் முன்னால், லியாவ் பின்னால். காவ் தவறாமல் போய்வந்த இடம் என்று பெய்-ஜுன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். ஷிலினில் ஓர் இறால் குளம். கூரைக்குக் கீழே தொட்டி கட்டி, தூண்டில் கொடுத்து, பிடித்ததை அங்கேயே உப்புத் தடவிச் சுட்டுத் தின்னச் சொல்வார்கள். ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் காவ் அங்கேதான். ஒரு நாளும் ஓர் இறாலும் வீட்டுக்கு வந்ததில்லை. உலகத்திலேயே மோசமான மீன்பிடிக்காரர் என்று பெய்-ஜுன் அவரைக் கேலி செய்வாளாம். அதையும் கரண்டு பில் குரலில்தான் சொல்லியிருந்தாள்.

இறால் குளத்து முதலாளியம்மா ரப்பர் பூட்ஸோடு வந்தார். படத்தைப் பார்த்தார். பார்த்ததே இல்லை என்றார்.

லியாவ் காவின் பணப்பையில் இருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார். அந்தக் குளத்தின் அட்டைதான். பத்துக் கட்டம். பத்து தடவை வந்து பத்து முத்திரை வாங்கினால் ஒரு மணி நேரம் இலவசம். கட்டம் பத்தும் வெள்ளையாக இருந்தன.

"வாசல்ல ஒரு கூடையில வச்சிருக்கேன், யார் வேணா எடுத்துக்கலாம்," என்றார் முதலாளியம்மா. "உள்ளே கால் வச்சிருந்தா முதல் முத்திரை நான் குத்தியிருப்பேன். முத்திரை குத்தாம நான் யாரையும் விட்டதில்ல தம்பி. சனிக்கிழமை ஆளுங்க பதினாலு பேரும் எனக்கு அத்துப்படி. இவரு அதுல இல்ல."

தொட்டிக்குப் பக்கத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் பிடித்த இறாலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சத்தமே கூடாது என்று அடாப்டரைக் கழிவறைக்குத் தூக்கிப் போனவர் இந்த இடத்தில் பெட்டியை வைத்திருக்க மாட்டார் என்பது லியாவுக்கு வாசலிலேயே தெரிந்துவிட்டது.

ஆ-சுய் தலைக்கவசத்தை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணே, நான் ஜோக் அடிக்கல. சனிக்கிழமை சனிக்கிழமை பொய். ரகசியமா ஒரு பெட்டி. அது சத்தம் போட்டாக் கண்டுபிடிக்கிற ஓர் ஆளு, அப்போ அது ஒரு வீடு. இன்னொரு வீடு." தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணுகிட்ட இதை யாரு சொல்றது?" என்றாள்.

நான்தான் என்றார் லியாவ். அப்படிச் சொன்னபோது அவருக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ வாசல்களில் எத்தனையோ கெட்ட செய்தி சொன்னாயிற்று. இதுவும் அதில் ஒன்று. நம் முகம் மரத்துப் போனால் போகட்டும், மனசுமா இப்படி மரத்துப் போக வேண்டும் என்று வண்டியின் பின்னால் உட்கார்ந்து யோசித்தார். அந்த யோசனையிலும் வலி இல்லை.

பான்ச்சியா கிளினிக்கில் மத்தியான இடைவேளை. டாக்டர் போய்விட்டார், பாதி விளக்குகளை அணைத்திருந்தார்கள். காது சோதிக்கும் அறையில் பெய்-ஜுன் மட்டும் இருந்தாள். மேசையில் பெட்டிச் சாப்பாடு ரப்பர் பேண்டு கழற்றாமல் கிடந்தது. அறையின் பாதியை ஒரு கூண்டு அடைத்திருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவு மாதிரி தடித்த கதவு, ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல்.

லியாவ் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் கேட்ட ஏதோ ஒன்றுக்கு இரண்டு தடவை பதில் சொல்லத் தவறினார். ஆ-சுய் சுவரில் இருந்த காது படத்தை விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் காது சரியாக் கேக்குதா, லியாவ் சார்?" என்றாள் பெய்-ஜுன். "உள்ளே போய் உக்காருங்க. அஞ்சு நிமிஷம்தான். கெட்ட சேதின்னு மூஞ்சியில தெரியுது. அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லுங்க."

அவர் கூண்டுக்குள் போனார். அவள் காதில் மாட்ட ஒரு ஹெட்போனும், கையில் பிடிக்க ஒரு பட்டனும் கொடுத்தாள். கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே அவள் மேசையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். கதவை மூடினாள். மழை நின்றது, தெரு நின்றது, ஆ-சுய் நின்றாள். அவள் வாய் அசைவது மட்டும் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது.

முதலில் கனத்த ஒலி. அழுத்தினார். பிறகு அதைவிட மெல்லியது. பிறகு மேலே மேலே ஏறி, ஊசி மாதிரி ஒரு விசில், எங்கோ ரொம்ப தூரத்தில். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்று.

லியாவின் விரல் பட்டன்மேலேயே நின்றுவிட்டது.

எனக்குக் கேக்காது. ஆனா கேக்குற ஆளு ஒண்ணு இருக்கு.

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தலையைக் குனிந்து குறித்துக்கொண்டிருந்தாள் பெய்-ஜுன். தினம் எட்டு மணி நேரம் மற்றவர்களுக்குக் கேட்கும் கடைசிச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருப்பவள். அவள் தலைக்கு மேல் அலமாரியில் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய சோதனை மெஷின். அதன்மேல் கசங்காமல் உட்கார்ந்திருந்தது ஒரு பச்சைப் பொட்டலம்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். அவள் பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காது நல்லாயிருக்கு. ஆனா நீங்க கேட்டவுடனே அழுத்துறதில்ல. கேட்டுட்டு, கேட்டதை நம்பாம, அப்புறம் அழுத்துறீங்க."

"அது என்ன மெஷின்?" என்றார் லியாவ்.

"எது? அதுவா? பழசு, ஓடாது. காலிக் கூடுதான். கிளினிக்கோட இன்டர்நெட் பெட்டின்னு ஒண்ணை அதுக்குள்ள வச்சிருக்கேன், இடம் மிச்சம்னு அவர்தான் மாட்டிக் கொடுத்தார். அணைக்கக் கூடாதுன்னார். பொட்டலத்தைத் தேதி பார்த்து மாத்தணும்னார்." பொட்டலத்தை அண்ணாந்து பார்த்து, "மாத்திட்டுத்தான் இருக்கேன். அவர் இறந்த வாரம்கூட மாத்தினேன்," என்றாள்.

ஆ-சுய் அலமாரிக்குக் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பையிலிருந்து திருப்புளியை எடுத்து நாற்காலிமேல் ஏறினாள். நாலு திருகு. மூடி வந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு மதர்போர்டு, இரண்டு குட்டை மெமரி, இரண்டு எஸ்.எஸ்.டி. பின்பக்கம் லேப்டாப் அடாப்டர். நான்கும் ஒன்றோடொன்று அளவாகப் பொருந்தி, ஒரு சத்தமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"உடுப்பு கிடைச்சிருச்சு அண்ணே," என்றாள் மெதுவாக. பிறகு பெய்-ஜுன் பக்கம் திரும்பி, "நீங்க இத்தனை நாளா இதுக்குக் காவல் இருந்திருக்கீங்க," என்றாள். இறால் குளத்து வாசலில் மனசுக்குள் கட்டிய இன்னொரு வீட்டை அவள் அங்கேயே இடித்துப் போட்டுவிட்டாள். முகத்தில் அசடு வழிந்தது.

பெய்-ஜுன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கிற ஆள் யார் என்பதை லியாவ்தான் சொல்ல வேண்டியிருந்தது. அடாப்டரை மூன்று தடவை மாற்றிய கதையைச் சொன்னார்.

"அவர் பயந்தது திருடனுக்கு இல்ல, மேடம். உங்க காதுக்கு."

ஆ-சுய் தன் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்தாள். கடவுச்சொல் கேட்டது. பெய்-ஜுன் வீட்டு வைஃபையின் சொல்லையே அடித்தாள். திறந்துகொண்டது. வீட்டுப் பெட்டியில் இருந்தது எல்லாம் வாரம் ஒருமுறை இங்கே நகல் ஆகியிருந்தது.

முதல் அடுக்கில் கட்டடம் எழும்பிய காலத்துப் படங்கள். காங்கிரீட் ஊற்றும் முன் நிற்கும் பில்லர் கம்பிகள், குறுக்கே அளவு நாடா. பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்க வேண்டிய ரிங், இருபத்தைந்துக்கு ஒன்று இருந்தது. அதற்கடுத்து, ரிங்கைக் குறைத்துக் கட்டு, பொறியாளரிடம் கையெழுத்து வாங்கு என்று கட்டியவர்களின் மேலாளர் அனுப்பிய கடிதம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றவர்களின் கடிதம். அதற்கடுத்து காவின் கையெழுத்து. மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

மழைச் சத்தம் திரும்ப வந்திருந்தது.

"போட்டிருக்கார்," என்றாள் பெய்-ஜுன். "தெரிஞ்சுதான்."

லியாவ் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவருக்குப் பொய் சொல்ல ஒரு விநாடி ஆசை வந்தது. ஆசை என்று ஒன்று வந்ததே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கீழே இன்னொரு அடுக்கு இருக்கு," என்றாள் ஆ-சுய். அதன் பெயரைப் படித்தாள். திரையை அப்படியே பெய்-ஜுன் பக்கம் திருப்பினாள்.

அந்த அடுக்குக்குக் காவ் வைத்த பெயர் இறால்.

உள்ளே நூற்றுக்கணக்கான படங்கள். அதே குடியிருப்பின் அடித்தளம், கார் நிறுத்தும் இடம், பில்லர் பில்லராக. ஒவ்வொரு பில்லரிலும் விரிசலை ஒட்டிப் பென்சில் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. நிலநடுக்கத்துக்கு எட்டு மாதம் முன்பே தொடங்கி, கட்டடம் சாய்ந்த பிறகும் ஒரு வாரம் விடாமல். எல்லாத் தேதியும் சனிக்கிழமை.

கடைசியில் ஒரு கடிதம், அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு. இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு எழுதி, அனுப்பாமல் விட்டது. பெய்-ஜுன் அதை வாய்விட்டுப் படித்தாள். குரல் அதே குரல்தான்.

"நான் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். பிறகு தூக்கம் வராமல் ஒவ்வொரு வாரமும் போய் அளந்தேன். விரிசல் வளர்ந்தால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அது வளரவில்லை, நானும் சொல்லவில்லை. நிலநடுக்கம் வந்துவிட்டது. என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தால் முதல் வாரமே என்னை இழுத்துக்கொண்டு வந்து உங்கள் முன் நிறுத்தியிருப்பாள். அதனால்தான் அவளிடம் சொல்லவில்லை."

படித்து முடித்துத் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

லியாவ் நிலைமையைச் சொன்னார். கூலிக்கு வந்தவன் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதால், எல்லாம் தங்கள் கையில் வந்துவிட்டது என்று கட்டியவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை தைரியமாகப் பொய் சொல்வார்கள். இதைக் கொடுத்தால் அவர்கள் தப்ப முடியாது, முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கும் வழி பிறக்கும். ஆனால் காவின் பெயரும் ஊர் அறியக் கெடும். கதவில் ஒட்டும் காகிதம் நிற்காது. கொடுக்காவிட்டால் இப்படி ஒரு பெட்டி இருப்பது இந்த அறையில் உள்ள மூன்று பேருக்கு மட்டுமே தெரியும். முடிவு அவளுடையது.

பெய்-ஜுன் எழுந்தாள். பொட்டலத்தைக் கையில் எடுத்துத் தேதியைப் பார்த்தாள். மேசை இழுப்பறையைத் திறந்து புதிதாக ஒன்று எடுத்தாள். உள்ளே இன்னும் மூன்று பச்சைப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. பழையதை மேசையில் வைத்துவிட்டுப் புதியதைப் பெட்டிமேல் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை கொண்டு போறப்போ இதையும் சேர்த்துக் கொண்டு போங்க," என்றாள். "அங்கே எத்தனை மாசம் வச்சிருப்பாங்களோ. மாத்த ஆள் இருக்காது."

பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "ஒரு இறால்கூடக் கொண்டு வந்ததில்ல," என்றாள். "நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கேன்."

கூண்டின் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் அவள் நாற்காலியில் உட்கார்வது தெரிந்தது. பிறகு முதுகு குனிந்தது, தோள்கள் குலுங்கின. வாய் பெரிதாகத் திறந்திருந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. ஆறு வாரமாக வராதது எல்லாம் அந்தத் தடித்த கதவுக்கு உள்ளேயே வந்துகொண்டிருந்தது. ஆ-சுய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

லியாவ் திருப்பிக்கொள்ளவில்லை. தொண்டையில் ஏதோ உறைத்தது. மிளகாய் எண்ணெய் மூன்று கரண்டி ஊற்றியும் உறைக்காத தொண்டை.

மேசையில் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. அவள் கையில் அகப்பட்ட பட்டனை இறுக்கிப் பிடித்திருக்கிறாள் போலும்.

"அது என்னண்ணே?" என்றாள் ஆ-சுய்.

"கேக்குதுன்னு அர்த்தம்," என்றார் லியாவ்.